பெயர் அறியாப் பேரரசி

தோற்றுவாய்

வரலாறு என்றவுடன் நம் கண்முன் வந்து நிற்பவை போர்க்களங்களும் முடிசூட்டு விழாக்களுமே. எந்த மன்னன் எந்த ஆண்டில் யாரை வென்றான் என்று கேட்டால் தேர்வுக்குப் படித்தவர் அனைவரும் விடை கூறிவிடுவர். அம்மன்னனைப் பெற்ற தாய் எவ்வாறு வாழ்ந்தாள், அவளுடைய அரண்மனையில் பணி செய்த பெண் யார், அவள் எழுப்பிய கோயிலில் ஆடிப் பாடியவள் யார் என்று கேட்டால் நம்மில் பலர் வாய் திறவோம். இடைக்காலத்தில் ஒருவர் எக்குடியில் பிறந்தார் என்பதும், ஆணாய்ப் பிறந்தாரா பெண்ணாய்ப் பிறந்தாரா என்பதும் அவருடைய வாழ்வுக்கு எவ்வாறு எல்லை வகுத்தன என்பதை அறிய விரும்பினேன். அதற்குச் சோழ நாட்டு வரலாற்றினும் சிறந்த சான்று எனக்குக் கிடைக்கவில்லை. அவ்வரலாற்றிலும் செம்பியன் மாதேவியாரின் வாழ்வே என் உள்ளத்தைப் பெரிதும் ஈர்த்தது.

கல்கியின் பொன்னியின் செல்வனைப் படித்தவர்கள் இவ்வம்மையாரைச் சிவபக்தியே உருவான முதுபெரும் அரசியாக அறிவார்கள். நான் இங்கே சொல்ல முற்படுவது கதையில் வரும் அரசியைப் பற்றியன்று. கல்வெட்டுகள் காட்டும் அரசியைப் பற்றியே. தஞ்சைத் தரணியின் கோயிற் சுவர்களில் இவரைப்போல் நெடுங்காலம் தம் செயல்களைப் பொறித்து வைத்த பெண்மணி வேறொருவர் இலர் என்றே கூறலாம். அப்படியிருந்தும் இவருடைய இயற்பெயர் நமக்கு வந்து சேரவில்லை. செம்பியன் மாதேவி என்பது சோழனின் பெருந்தேவி என்று பொருள்படும் பட்டம். பெற்றோர் தொட்டிலில் இட்டு அழைத்த பெயர் அதுவன்று. ஆயிரம் ஆண்டு நிற்கும் கல்லில் எழுதியவரின் பெயர் எவ்வாறு மறைந்தது? இவ்வினாவே இக்கட்டுரையின் கரு.

மழவர் குலமகள்

செம்பியன் மாதேவியார் மழவர் குலத் தலைவர் ஒருவரின் மகளார். கொள்ளிடத்திற்கு வடக்கே அமைந்த மழநாட்டை ஆண்ட குறுநில மன்னர்கள் மழவரையர் எனப்பட்டனர். அக்காலத்தில் வளர்ந்துவந்த சோழப் பேரரசுக்குச் சிற்றரசர்களின் படையும் நட்பும் தேவைப்பட்டன. சிற்றரசர்களுக்குப் பேரரசின் பாதுகாப்பு தேவைப்பட்டது. இவ்விரண்டையும் இணைக்கும் பாலமாகத் திருமணம் விளங்கியது. மழவர், பழுவேட்டரையர், மலையமான், கொடும்பாளூர் வேளிர் ஆகிய குடிகளின் மகளிர் பலர் சோழர் அரண்மனைக்கு மருமகள்களாக வந்த வரலாறு இதுவே. ஆண்மகன் வாளேந்தி உறவை உறுதி செய்தான் என்றால், பெண்மகள் தன் வாழ்வையே கொடுத்து உறவை உறுதி செய்தாள்.

இவர் மணந்தது முதலாம் பராந்தக சோழனின் மைந்தர் கண்டராதித்தரை. பராந்தகன் கி.பி. 907 முதல் 955 வரை ஆண்டவன். இவ்வம்மையார் கி.பி. 941-ஆம் ஆண்டளவிலேயே கண்டராதித்தரின் தேவியாகக் கோயிலுக்குக் கொடை வழங்கியிருக்கிறார். பராந்தகன் மாதேவடிகள் என்ற பட்டமும் இவருக்கு உண்டு. அப்பட்டத்தில் மாமனாரின் பெயர் நிற்கிறது. செம்பியன் மாதேவி என்ற பட்டத்தில் கணவரது குலத்தின் பெயர் நிற்கிறது. மழவரையர் மகள் என்னும்போது தந்தையின் குலம் நிற்கிறது. மூன்று வகையாலும் அழைக்கப்பட்ட பெண்ணுக்கு உரிய நான்காவது பெயர்தான் எங்கும் இல்லை.

மாமனார் பராந்தகன் காலத்தில்தான் புகழ்பெற்ற உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்டன. குடவோலை முறையை உலகுக்கு உணர்த்தும் அச்சாசனங்களைக் கண்டு நாம் பெருமிதம் கொள்கிறோம், கொள்ளவும் வேண்டும். ஆனால் வாரிய உறுப்பினராவதற்கு அவை விதித்த தகுதிகளையும் நோக்குதல் வேண்டும். வரி செலுத்தும் கால்வேலி நிலத்துக்கு மேல் உடைமை வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருத்தல் வேண்டும். வயது 35-க்கு மேலும் 70-க்குக் கீழும் இருத்தல் வேண்டும். வேதக் கல்வி வேண்டும். நிலமற்ற உழவனுக்கு அங்கே இடமில்லை. மறை ஓதும் உரிமையற்ற குடியினருக்கும் இடமில்லை. எக்குடியிற் பிறந்த பெண்ணுக்கும் இடமில்லை. பேரரசனின் மருமகளே ஆயினும் அந்த ஓலைக் குடத்தில் அவள் பெயர் எழுதிய ஓலை விழுந்திருக்க இயலாது.

கைம்மையும் அரண்மனையும்

கி.பி. 949-இல் தக்கோலத்தில் சோழப் பேரரசுக்குப் பெரும் அடி விழுந்தது. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் படையோடு நிகழ்ந்த அப்போரில் பட்டத்து இளவரசன் இராசாதித்தன் யானை மேலிருந்தவாறே உயிர் துறந்தான். தொண்டை மண்டலம் கைவிட்டுப் போயிற்று. இந்நிலையில் இளையவரான கண்டராதித்தர் அரசுரிமை ஏற்றார். வாள் வலியினும் சிவநெறியில் மிக்க ஈடுபாடு கொண்டவர் அவர். தில்லைக் கூத்தனைப் பாடிய அவருடைய திருவிசைப்பா ஒன்பதாம் திருமுறையில் இடம் பெற்றுள்ளது. ஆயினும் அவருடைய ஆட்சி நீடிக்கவில்லை. கி.பி. 957-ஆம் ஆண்டளவில் அவர் மறைந்தார்.

அரியணை கண்டராதித்தரின் மகனுக்குச் செல்லவில்லை. தம்பி அரிஞ்சயனுக்கும், அவன் மகன் சுந்தர சோழனுக்கும் சென்றது. மகன் உத்தம சோழன் அன்று அரசாளும் பருவத்தினன் அல்லன் என்பது வரலாற்று ஆசிரியர்கள் பலரின் முடிபு. அந்நாளைய அரண்மனையில் அரசி ஒருத்தியின் மதிப்பு இரு தூண்களின் மேல் நின்றது. ஒன்று அரசாளும் கணவன். மற்றொன்று அரசாளப் போகும் மகன். செம்பியன் மாதேவியார்க்கு முதல் தூண் சாய்ந்துவிட்டது; இரண்டாம் தூண் இன்னும் நிமிரவில்லை. வேறொரு கிளையினரின் ஆட்சியில், இளமகனோடு, கைம்பெண்ணாக அவர் வாழ வேண்டியவரானார்.

அரச குலத்துக் கைம்பெண்ணுக்கு அக்காலம் காட்டிய மற்றொரு வழியையும் இங்கே சொல்லியாக வேண்டும். சுந்தர சோழன் காஞ்சிப் பொன்மாளிகையில் உயிர் நீத்தபோது அவனுடைய தேவி வானவன் மாதேவி உடன் தீப்பாய்ந்து உயிர் விட்டாள். மலையமான் குலத்து மகளான அவ்வரசி பால் மறவாத குழந்தையைப் பிரிந்து தீப்புகுந்த செய்தியைத் திருக்கோயிலூர்க் கல்வெட்டு கூறுகிறது. இராசராசனையும் குந்தவையையும் ஈன்ற தாய் அவளே. பின்னர் கி.பி. 1044-இல் முதலாம் இராசேந்திரன் மறைந்தபோது அவன் தேவி வீரமாதேவியும் தீப்புகுந்தாள். உடன்கட்டை அன்று எல்லா அரசியர்க்கும் கட்டாயமாய் இருக்கவில்லை. ஆனால் புகழுக்குரிய செயலாக அது கல்லில் பொறிக்கப்பட்டது.

இருவரும் சிற்றரசர் குலத்து மகளிர். ஒரே அரண்மனைக்கு வந்த மருமகள்கள். ஒருவர் தீயைத் தேர்ந்தார், அல்லது தேர்ந்ததாக எழுதப்பட்டார். மற்றொருவர் கணவன் மறைந்த பின்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். அவ்வாழ்நாளில் அவர் எதைச் செய்தார் என்பதிலேதான் அவரது பெருமை அடங்கியிருக்கிறது.

கல்லில் எழுந்த வாழ்வு

அரசியர்க்கும் போர்க்களம் இல்லை, ஊர்ச்சபை இல்லை, அரியணையும் இல்லை. ஆனால் கோயில் இருந்தது. கோயிலுக்குக் கொடுப்பதைத் தடுக்க எந்த ஆடவராலும் இயலாது. அந்நாளில் கோயில் வழிபாட்டிடமாக மட்டும் இருக்கவில்லை. நிலம் அதனிடம் இருந்தது. பொன் அதனிடம் இருந்தது. ஊராரின் கணக்கும் வழக்கும் அதைச் சூழ்ந்தே நடந்தன. எனவே கோயிலைப் பேணியவர் நாட்டின் வாழ்விலே கை வைத்தவர் ஆனார். செம்பியன் மாதேவியார் இவ்வாயிலைக் கண்டுகொண்டார் என்றே நான் கருதுகிறேன். அவருடைய பக்தியில் எனக்கு ஐயமில்லை. பக்தியோடு அறிவும் கலந்திருந்தது என்பதுதான் என் கருத்து.

தேவார மூவர் பாடிய தலங்கள் பலவற்றில் அன்று செங்கற் கோயில்களே இருந்தன. மழையும் வெள்ளமும் மிகுந்த காவிரிச் சமவெளியில் அவை நாளடைவில் சிதைந்தன. அவற்றைக் கற்றளிகளாக மாற்றும் பெரும்பணியை இவ்வம்மையார் மேற்கொண்டார். திருநல்லம் எனப்பட்ட கோனேரிராசபுரம், தென்குரங்காடுதுறை எனப்பட்ட ஆடுதுறை, திருக்கோடிக்காவல், திருவாரூர் அரநெறி, திருமுதுகுன்றம் எனப்பட்ட விருத்தாசலம், திருவக்கரை, தம் பட்டப்பெயரால் அமைந்த செம்பியன் மாதேவி என்னும் ஊர் என, ஏறத்தாழப் பத்துக் கோயில்கள் இவருடைய திருப்பணியைச் சொல்லுகின்றன. காவிரிப் பாசன நிலத்தில் கருங்கல் கிடையாது. ஒவ்வொரு கல்லும் தொலைவிலிருந்து கொண்டுவரப்பட வேண்டும். அதற்கு வேண்டிய பொருளையும் ஆளையும் பத்து இடங்களில் திரட்டி நடத்துவது ஓர் அரசை நடத்துவதற்கு ஒப்பாகும்.

திருக்கோடிக்காவலில் அவர் செய்த செயல் ஒன்று வரலாற்று மாணவனாகிய என்னைப் பெரிதும் கவர்ந்தது. பழைய கோயிலைப் பிரித்துக் கட்டும்போது அங்கே பல கற்களில் முன்னோர் பொறித்த சாசனங்கள் இருந்தன. புதுக் கோயிலின் சுவர்களில் அவற்றைப் படியெடுத்துப் பொறிக்கச் செய்தார் அரசியார். பிறர் கொடுத்த கொடைகளின் பெயரும் அழிந்துவிடக் கூடாது என்ற நினைவு அவருக்கு இருந்தது. இன்று தொல்லியல் துறையினர் செய்யும் பணியை ஆயிரம் ஆண்டுக்கு முன்னரே எண்ணிச் செய்த அம்மையார் அவர்.

அவர் எழுப்பிய கோயில்களில் கலை மரபும் வளர்ந்தது. புறச்சுவர்க் கோட்டங்களின் எண்ணிக்கை கூடியது. ஆடவல்லானாகிய நடராசர் திருவுருவம் அக்கோட்டங்களில் நிலையான இடம் பெற்றது. கணவர் பாட்டில் போற்றிய தில்லைக் கூத்தனை மனைவியார் கல்லில் நிறுத்தினார். பின்னாளில் இராசராசன் தஞ்சையில் எழுப்பிய பெருங்கோயிலுக்கு முன்னோடியாக அமைந்த பயிற்சிக்களம் இந்த அரசியாரின் கோயில்களே எனல் மிகையன்று.

திருநல்லத்துச் சிற்பங்கள்

கோனேரிராசபுரம் கோயிலை நான் நேரிற் கண்டேன். அக்கோயிலை அரசியார் எழுப்பியது கணவர் கண்டராதித்தரின் பெயரால். கண்டராதித்தர் சிவலிங்கத்தை வழிபடும் காட்சி அங்கே சிற்பமாகச் செதுக்கப்பட்டுள்ளது. அதன் கீழே உள்ள கல்வெட்டு, இத்திருப்பணியைச் செய்தவர் அவருடைய தேவியார் என்று கூறுகிறது.

அதே கோயிலில் மற்றொருவரின் உருவமும் உண்டு. அரசியாரின் ஆணைப்படி கோயிலைக் கட்டுவித்த அதிகாரியின் உருவம் அது. ஆலத்தூர் உடையான் சாத்தன் குணபத்தன் என்று ஊரும் பெயரும் விளங்க அவரைக் கல்வெட்டு குறிக்கிறது. இராசகேசரி மூவேந்த வேளான் என்ற பட்டமும் அவர் பெற்றார். நிலவுடைமைக் குடியில் பிறந்து அரச பணியில் உயர்ந்த ஆடவர் அவர். அவருக்கு ஊர் உண்டு, பெயர் உண்டு, பட்டமும் உண்டு. மூன்றும் அவருக்கே உரியவை. ஆணையிட்ட அரசியார்க்கோ கணவரின் தேவி, மகனின் தாய் என்னும் உறவுகளே அடையாளம். பணி செய்தவரின் பெயரை நாம் அறிகிறோம்; பணித்தவரின் பெயரை அறியோம். அச்சுவரின் முன் நின்றபோது இம்முரண்பாடு என் நெஞ்சை உறுத்தியது.

இதனை அரசியாரின் அடக்கம் என்று சொல்லி அமைதி அடைவது எளிது. நான் அவ்வாறு அமைதி கொள்ளவில்லை. கி.பி. 970-ஆம் ஆண்டளவில் உத்தம சோழன் அரியணை ஏறினான். அதற்கு முன் சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டிருந்தான். சோழ அரண்மனையின் மீது ஐயமும் அச்சமும் கவிந்திருந்த காலம் அது. அத்தகைய காலத்தில் தன்னைக் கண்டராதித்தரின் தேவி என்றும், உத்தம சோழனை வயிற்றில் தாங்கிய பிராட்டி என்றும் ஊர்தோறும் கல்லில் எழுதுவது வெறும் உறவுமுறைச் செய்தி ஆகாது. கணவர் அரசராய் இருந்தார், மகன் அவர் வழி வந்தவன் என்ற உரிமை முழக்கமும் அதில் கேட்கிறது. தமக்கென ஒரு பெயரை நாட்டிக்கொள்ள இடமில்லாத உலகில், தமக்குக் கிடைத்த உறவுப் பெயர்களையே அவர் வலிமையான கருவிகளாக ஆக்கிக்கொண்டார்.

அரசாண்ட பெண்ணுக்கே பெயர்ச் சிக்கல் இருந்தது என்பதற்கு அண்டை நாட்டில் ஒரு சான்று உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் ஓரங்கல்லை ஆண்ட காகதீய அரசி உருத்திரமா தேவி, தன் சாசனங்களில் உருத்திரதேவ மகாராசன் என்று ஆண்பெயரால் குறிக்கப்பட்டாள். அரியணையில் அமர வேண்டுமாயின் பெண் ஆணின் பெயரை அணிய வேண்டும். அரியணைக்கு வெளியே நிற்பாளாயின் ஆணின் உறவாக அறியப்பட வேண்டும். அக்காலம் வகுத்த நெறி அது.

அதே கல்லில் பிற பெண்கள்

செம்பியன் மாதேவியாரைப் பெண் என்ற ஒரே அளவுகோலால் அளந்துவிட்டு நின்றால் உண்மையின் ஒரு பாதியே விளங்கும். அவர் அரச குலத்தவர். ஆகையால்தான் கைம்பெண்ணாகியும் பொருளும் ஆணையும் அவர் கையில் இருந்தன. அதே காலத்தில் பிற குடிகளில் பிறந்த பெண்களின் நிலை என்ன?

அந்தணர் ஊர்களில் பெண்கள் நிலம் வைத்திருந்தனர். ஆனால் அதனை விற்கும்போது முதுகண் என்ற ஆடவர் ஒருவர் அவர்கள் சார்பில் நின்ற செய்தியைப் பல கல்வெட்டுகளில் காண்கிறோம். பிறப்பால் உயர்ந்த குடி எனப்பட்டது; ஆனால் அவளுடைய சொத்துக்கு அவளுடைய சொல் மட்டும் போதவில்லை.

அரண்மனையில் வேளம் என்ற பணிப்பெண்கள் தொகுதி இருந்தது. போரில் சிறை பிடிக்கப்பட்ட பெண்களும் வேளத்தில் சேர்க்கப்பட்டனர். அரசனின் நீராட்டுக்கும் அடுக்களைக்கும் அரசியரின் ஏவலுக்கும் அவர்களே உழைத்தனர். அவர்களுள்ளும் சிலர் தாம் ஈட்டிய பொருளைக் கொண்டு கோயிலில் விளக்கேற்றக் கொடை வழங்கினர். நந்தா விளக்கு ஒன்றுக்குத் தொண்ணூறு ஆடுகளோ தொண்ணூற்றாறு ஆடுகளோ கொடுப்பது வழக்கம். இடையர் அவ்வாடுகளைப் பெற்று, அவற்றின் எண்ணிக்கை குறையாமல் காத்து, நாள்தோறும் நெய் அளந்து கொடுத்தனர். அரசி ஏற்றிய விளக்கும் ஏவற்பெண் ஏற்றிய விளக்கும் ஒரே சந்நிதியில் எரிந்தன. அந்த ஓரிடத்தில் ஒளி குலம் பார்க்கவில்லை.

இனித் தஞ்சைப் பெரிய கோயிலின் சுவருக்கு வருவோம். கி.பி. 1014-இல் முதலாம் இராசராசன் பொறித்த கல்வெட்டு, அக்கோயிலில் பணி செய்ய நாட்டின் பல கோயில்களிலிருந்து கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பட்டியலிடுகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு. ஆண்டுக்கு 100 கலம் நெல் கொண்ட ஒரு பங்கு. அவர்களுக்கு ஆடல் பயிற்றிய நட்டுவனார்க்கோ இரண்டு பங்கு. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், அவள் பெயர் என்ன என்று ஒன்றும் விடாமல் அக்கல்வெட்டு குறிக்கிறது. அவர்கள் பெயர்களுக்கு முன்னே நக்கன் என்ற சொல் வருகிறது. அது சிவபெருமானைக் குறிக்கும் பெயர். தந்தையின் பெயர் நிற்க வேண்டிய இடத்தில் இறைவன் பெயர் நின்றது.

இங்கே ஒரு வியப்பு நமக்குக் காத்திருக்கிறது. பத்துக் கற்றளிகள் எடுத்த பேரரசியின் இயற்பெயர் நமக்குத் தெரியாது. கோயிலில் ஆடிய நானூறு பெண்களின் பெயர்களும் நமக்குத் தெரியும். அவர்கள் அரசியைவிட உரிமை பெற்றவர்கள் என்று இதனால் எண்ணிவிடலாமா? முற்றிலும் அவ்வாறு எண்ண இயலாது. நெல் அளப்பவனுக்கு யாருக்கு அளக்கிறோம் என்று தெரிய வேண்டும். ஒருத்தி இறந்தால் அவளிடத்தில் தகுதியுடைய உறவினரை அமர்த்த வேண்டும். ஆகவே கணக்குக்குப் பெயர் தேவைப்பட்டது. அரசிக்குப் படி அளக்கும் கணக்கன் யாருமில்லை. ஆகவே அவளுக்குப் பெயர் தேவைப்படவில்லை. ஆயினும் கோயிற் பெண்டிர் தம் பெயராலேயே பொருள் வைத்திருந்தனர், தம் பெயராலேயே கொடையும் அளித்தனர் என்பதை மறத்தல் ஆகாது. குடும்ப மகளிர்க்கு இல்லாத ஒரு தனி நிலை அது. அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் சிறிதன்று. நாட்டின் மூலை முடுக்கிலிருந்து தஞ்சைக்குப் பெயர்க்கப்பட்டபோது அவர்களுடைய விருப்பத்தைக் கேட்டதாக அக்கல்வெட்டு சொல்லவில்லை.

அந்நானூற்றுவர்க்கும் கீழே மற்றொரு படி இருந்தது. தஞ்சைக் கோயிலுக்கு இறையிலியாக விடப்பட்ட ஊர்களைப் பற்றிய கல்வெட்டுகள் கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று குடியிருப்புகளைக் குறிக்கின்றன. அந்த நூறு கலம் நெல்லை நட்டவளும் களை எடுத்தவளும் அறுத்தவளும் அச்சேரிகளில்தான் வாழ்ந்தனர். அவர்களுக்குக் கல்லில் கிடைத்தது சேரியின் பெயர் மட்டுமே. பின்னர் மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், கி.பி. 1201-ஆம் ஆண்டளவில் பஞ்சம் வந்தபோது, திருப்பாம்புரத்தில் வேளாளர் ஒருவர் தம்மையும் தம் பெண்மக்கள் இருவரையும் 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையாக விற்ற செய்தி இருக்கிறது. நிலமுடைய குடியில் பிறந்தும் பசி வந்தபோது பெண்மக்களின் வாழ்வு தந்தையின் கையில் ஒரு விலைச்சீட்டாயிற்று. அதே கோயில், அரசிக்குப் புகழ் தந்தது; ஆடும் பெண்ணுக்குப் படி தந்தது; பசித்த பெண்ணை அடிமையாக ஏற்றது. குலமும் பாலும் சேர்ந்து வகுத்த ஏணியின் படிகளை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று வேறு வேண்டுமோ?

முதுமையும் நினைவும்

மகன் உத்தம சோழன் பதினைந்து ஆண்டுகள் ஆண்டு கி.பி. 985-இல் மறைந்தான். கணவனை இழந்தது போலவே மகனையும் இழந்தார் அன்னையார். அரசுரிமை மீண்டும் சுந்தர சோழனின் கிளைக்குச் சென்றது. இராசராசன் அரியணை ஏறினான். அப்போதும் இவ்வம்மையார் ஒதுக்கப்படவில்லை. இராசராசன் ஆட்சியிலும் அவருடைய திருப்பணி தொடர்ந்தது. கி.பி. 1001-ஆம் ஆண்டு வரையில் அவருடைய செயல்களுக்குச் சான்று கிடைக்கிறது. அறுபது ஆண்டுக் காலம், பல மன்னர்களின் ஆட்சி கண்டு, தம் பணியைக் கைவிடாத உறுதி அவருக்கிருந்தது. பேரன் மதுராந்தகன் கண்டராதித்தன் இராசராசன் காலத்தில் கோயில்களின் நிருவாகத்தை ஆய்ந்து குறை களையும் அதிகாரியாய் விளங்கினான். பாட்டியார் நட்ட மரத்தின் நிழலிலே பேரன் நின்றான்.

உத்தம சோழனின் தேவியர் பலர். தம் மாமியார் பிறந்த சித்திரைக் கேட்டை நாளில் செம்பியன் மாதேவி ஊர்க் கோயிலில் சிறப்பு வழிபாடும் உணவளிப்பும் நடைபெற அவர்கள் கொடை வழங்கினர். பிறந்த விண்மீன் தெரிகிறது. பிறந்த திங்கள் தெரிகிறது. பிறந்தபோது இட்ட பெயர் மட்டும் தெரியவில்லை. எனினும் இதனைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியே உண்டாயிற்று. ஆடவரின் உறவாக மட்டும் அறியப்பட்ட ஒரு பெண்ணை, பெண்கள் கூடி, அவர் பிறந்த நாளைக் கொண்டு நினைத்தார்கள். மகளாகவும் மனைவியாகவும் தாயாகவும் ஆவதற்கு முன் அவர் பிறந்தார் என்பதை அவர்கள் மறக்கவில்லை.

கி.பி. 1019-இல் முதலாம் இராசேந்திரன் அவ்வூர்க் கோயிலில் அவருடைய திருவுருவத்தை எழுந்தருளுவித்து, அதன் வழிபாட்டுக்கு நிவந்தமும் அளித்தான். அவன் அவருக்கு மகனுமல்லன், பேரனுமல்லன். மற்றொரு கிளையில் வந்தவன். ஆயினும் சோழர் குலம் முழுவதற்கும் அவர் மூதன்னையாகிவிட்டார். அவருடையதாக அறிஞர் பலரால் கருதப்படும் செப்புத் திருமேனி ஒன்று கடல் கடந்து சென்று அமெரிக்காவின் வாசிங்டன் நகர அருங்காட்சியகத்தில் இடம் பெற்றது. உமையம்மையின் சாயலில் வடித்த அவ்வழகிய படிமத்திலும் பெயர் எழுதப்பட்டிருக்கவில்லை.

முடிவுரை

காலம் பெரிதும் மாறிவிட்டது. சென்னை மாகாணத்தில் 1830-இல் உடன்கட்டை தடை செய்யப்பட்டது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் போன்றோரின் நெடிய போராட்டத்தின் பயனாக 1947-இல் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டத்தால் ஒழிந்தது. 1989-இல் தமிழ்நாட்டில் பெண்மக்களுக்குக் குடும்பச் சொத்தில் ஆண்மக்களோடு ஒத்த உரிமை சட்டமாயிற்று. முதுகண் இன்றி ஒரு பெண் தன் நிலத்தைத் தானே விற்கவும் வாங்கவும் இயலும். ஊராட்சித் தேர்தலில் அவள் வாக்களிக்கவும் நிற்கவும் இயலும். இவை சிறிய மாற்றங்கள் அல்ல.

ஆயினும் இன்றும் நம் ஊர்களில் எத்தனையோ தாய்மார்கள் இன்னார் மனைவி, இன்னார் அம்மா என்றே அழைக்கப்பட்டுத் தம் பெயர் தெருவுக்குத் தெரியாமலே வாழ்கின்றனர். வயலில் உழைக்கும் பெண்ணைச் சேரியின் பெயரால் சுட்டும் வாயும் இன்னும் அடங்கிவிடவில்லை. ஆகவே மாணவ நண்பர்களிடமும் மதிப்பிற்குரிய பேராசிரியர்களிடமும் நான் வேண்டிக்கொள்வது ஒன்றே. விடுமுறையில் நம் பகுதிக் கோயில்களுக்குச் செல்லும்போது கோபுரத்தின் உயரத்தைப் பார்த்துத் திரும்பிவிடாமல், சுவர்க் கல்வெட்டுகளையும் பாருங்கள். அவற்றில் யாருக்குப் பெயர் கிடைத்தது, யாருக்கு உறவு மட்டும் கிடைத்தது, யாருக்குச் சேரிப் பெயர் மட்டும் கிடைத்தது, யாருக்கு எதுவுமே கிடைக்கவில்லை என்று குறித்துக் கொள்ளுங்கள். அக்குறிப்புகளைத் தொகுத்தால் எந்தப் பாடநூலிலும் இல்லாத ஒரு சமுதாய வரலாறு நம் கையில் இருக்கும்.

பிறருடைய சாசனங்கள் அழிந்துவிடலாகாது என்று திருக்கோடிக்காவலில் படியெடுத்து வைத்தார் பெயரறியாத அந்தப் பேரரசி. அவர் தொடங்கிய பணியைத் தொடர வேண்டியவர்கள் வரலாறு பயிலும் நாமே.